காலை ஆறு மணி, ரேடியோ ஏன் பேசவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டு வைஃபை வழியே நிலையங்களைப் பாடும் பெட்டியான இன்டர்நெட் ரேடியோவை அலாரமாக வைத்துக்கொள்வது பற்றி வந்திருக்கும் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: தினமும் காலை 6 மணிக்குப் பிடித்த நிலையம் ஒலிக்கும்படி இன்டர்நெட் ரேடியோவில் அலாரம் வைத்திருக்கிறேன். பல நாள் ஒழுங்காகப் பாடுகிறது. சில நாள் பாட்டுக்குப் பதில் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. இரண்டு முறை சத்தமே வரவில்லை. பெட்டி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பீப் வந்த நாளையும் சத்தமே வராத நாளையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

6 மணிக்குப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஸ்டாண்ட்பையிலிருந்து விழிக்கிறது. வைஃபையில் சேர்கிறது. ரூட்டரிடம் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பெட்டிக்கான அடையாள எண்) வாங்குகிறது. பிறகு, பெரும்பாலான பெட்டிகளில், நிலையங்களின் பட்டியலை வைத்திருக்கும் ஒரு சர்வரைத் தேடிப் போகிறது. ‘பிடித்தவை’ பொத்தானில் நீங்கள் சேமித்தது நிலையத்தின் முகவரி அல்ல. அந்தப் பட்டியலில் நிலையத்துக்கு இருக்கும் அடையாள எண்தான். பட்டியல் சர்வர் முகவரியைச் சொன்ன பிறகு நிலையத்தின் சர்வரோடு இணைந்து, சில விநாடி ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்குகிறது. இத்தனை கை மாறி வருவதில் ஒரு கை தாமதித்தாலும் பெட்டி கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டுத் தன்னிடமே இருக்கும் பஸ்ஸரை அடித்துவிடும். ஆக, பீப் வந்த நாளில் பெட்டி செய்தது சரி. கோளாறு வெளியே.

வெளியே என்றால் முதல் சந்தேகம் ரூட்டர் மேல்தான். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் எந்த நேரம் குறித்திருக்கிறது என்று பாருங்கள். இதற்கெல்லாம் பின்னிரவு நேரத்தைத்தான் வைத்திருப்பார்கள். இரவில் வைஃபையை அணைக்கும் அட்டவணை இருந்தால் அதையும் பாருங்கள். காலை 6 மணிக்கு வைஃபை எழும்படி வைத்துவிட்டு, அதே 6 மணிக்கு அலாரமும் வைத்திருப்பவர்கள் உண்டு. வைஃபையை 5.30க்கு எழுப்பினால் வேலை முடிந்தது.

அடுத்தது அலைவரிசை. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சில சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் ஒலிபரப்பத் தொடங்கும் முன் ரூட்டர் குறைந்தது 60 விநாடி அந்தச் சேனலைக் கேட்டுப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. ரேடியோவுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அதனால் ரேடியோவை 2.4 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள்; சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். ரூட்டரில், கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் ரேடியோவுக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பெட்டிக்குள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் நெட்வொர்க் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கும் வசதி நெட்வொர்க் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பல பெட்டிகளில் அதை அணைத்தே விற்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் வைஃபையில் சேர்வது, முகவரி வாங்குவது என்ற இரண்டு படிகளும் இரவே முடிந்திருக்கும்.

சத்தமே வராத நாள்தான் கவலைப்பட வேண்டிய நாள். அதற்கு மூன்று காரணங்களைத் தேடுங்கள்: அலாரத்தின் ஒலி அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது, கடிகாரம் தவறியிருந்தது, இணைப்பு கிடைத்தும் அதற்குள் ஒலி இல்லை. கடைசிக் காரணத்தைப் பற்றி இன்னொரு வாசகர் தனியாகவே கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு சோதனை. மூன்று நிமிடம் தள்ளி அலாரம் வைத்துப் பார்ப்பது போதாது, அதற்குள் பெட்டி முழுதாகத் தூங்கியிருக்காது. 40 நிமிடம் தள்ளி வையுங்கள். முதல் முறை எல்லாவற்றையும் இருந்தபடி விட்டுவிட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எத்தனை விநாடியில் பீப் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் அந்தப் பெட்டியைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுப்பும் வேலையை வேறொன்றிடம் கொடுங்கள்.

கேள்வி: அலாரம் நேரத்தில் பாட்டும் வரவில்லை, பீப்பும் வரவில்லை. ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று ஒரு குரல் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நிலையம் கிடைக்காவிட்டால் பஸ்ஸர் அடிக்கும் என்கிறார்களே?

பதில்: பெட்டியைப் பொறுத்தவரை நிலையம் கிடைத்துவிட்டது. இணைப்பு வந்ததா, தகவல் ஓடி வருகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. வருவது பாட்டா, அறிவிப்பா, வெறும் நிசப்தமா என்று அதற்குத் தெரியாது. நிலையத்தில் யாரோ ஒலிக் கம்பியைத் தட்டிவிட்டு, சர்வர் மட்டும் நிசப்தத்தை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். பஸ்ஸர் அடிக்காது.

இதற்குப் பெட்டியில் மருந்து இல்லை. நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. விளையாட்டு நேரலை ஒலிபரப்பும் நிலையங்களை அலாரத்துக்கு வைக்காதீர்கள். உரிமம் காரணமாக நடுவில் வெட்டி அறிவிப்பு போடுவது பெரும்பாலும் அவைதான். 24 மணி நேரமும் ஒலிபரப்பு உள்ள நிலையமாகப் பாருங்கள். ஒரு வாரம் அதே அலாரம் நேரத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாலையில் கேட்டுப் பிடித்துப்போன நிலையம் அதிகாலையில் என்ன போடும் என்பது வேறு விஷயம்.

உங்கள் பெட்டியில் யுஎஸ்பி அல்லது எஃப்எம் இருந்து, இரண்டு அலாரம் வைக்கவும் வழி இருந்தால் முதல் அலாரத்தை இணைய நிலையத்துக்கும், ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதை எஃப்எம்முக்கோ வெறும் பஸ்ஸருக்கோ கொடுங்கள். எழுந்துவிட்டால் இரண்டாவதை அணைப்பது ஒரு பொத்தான்.

கேள்வி: இரவில் கரண்ட் போய் வந்தால் காலையில் பெட்டி 00:00 என்று கண் சிமிட்டுகிறது. அலாரம் அடிப்பதில்லை. நேரம் தானாக வரும் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: வரும், நெட் வந்த பிறகு. பல பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போனதும் நேரம் மறந்துபோகும். கரண்ட் வந்ததும் நேர சர்வரிடம் கேட்டுத்தான் மணியைத் தெரிந்துகொள்ளும். ரூட்டர் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் ரேடியோ தேடி அலுத்து, கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சில பெட்டிகள் மறுபடி தேடுவதே இல்லை. கரண்ட் 5.58க்கு வந்தால் 6 மணி அலாரம் போனது போனதுதான். தவறிய அலாரத்தைத் தாமதமாகவாவது அடிக்கும் புத்தி பெரும்பாலான பெட்டிகளுக்குக் கிடையாது.

மெனுவில் நேரம் எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘நெட்வொர்க்’ என்று இருக்கட்டும். நேர மண்டலத்தைச் சரியாக வையுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில் இருப்பவர்கள், அது தானாக மாறுமா, கையால் மாற்ற வேண்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எஃப்எம்மிலிருந்து நேரம் எடுக்கும்படி விடுவது ஆபத்து: நிலையம் தவறான நேரத்தை அனுப்பினால் பெட்டி மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும்.

கரண்ட் அடிக்கடி போகும் வீடு என்றால் உள்ளேயே பேட்டரி உள்ள மாடலை வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரூட்டருக்கு 8800 எம்ஏஎச் மினி யுபிஎஸ் வாங்கினேன். ரூட்டர் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர். 8.8 மணி நேரம் வர வேண்டும் அல்லவா? மூன்று மணி நேரம்கூட வரவில்லை.

பதில்: வராது. 8800 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது, 12 வோல்ட்டில் அல்ல. 8.8 × 3.7 = 32.6 வாட்–மணி. 3.7ஐ 12ஆக ஏற்றும்போது சுமார் 15 சதவீதம் சூடாகப் போகும். மிச்சம் 27, 28. ரூட்டர் உண்மையில் 7 வாட் இழுக்கிறது, அதே யுபிஎஸ்ஸில் மாட்டிய ஃபைபர் பெட்டி (ஃபைபர் கம்பியில் வரும் நெட்டை ரூட்டருக்குக் கொடுப்பது) 4 வாட் என்று வைத்தால் மொத்தம் 11. 27.5ஐ 11ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். நள்ளிரவில் கரண்ட் போனால் 6 மணி வரை, அதாவது ஆறு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் இதே கணக்கில் 21,000 எம்ஏஎச் தேவை.

ஃபைபர் பெட்டியை மறக்காதீர்கள். ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். வைஃபை விளக்கு எரியும், நெட் இருக்காது.

கேள்வி: பத்து வருடம் ஒழுங்காக உழைத்த ரேடியோவில் ஒரு நாள் எல்லா நிலையங்களும் காணாமல் போய்விட்டன. வைஃபை நன்றாக இருக்கிறது. தொழிற்சாலை நிலைக்கு மாற்றியும் பயனில்லை.

பதில்: தொழிற்சாலை நிலைக்கு மாற்றியிருக்கவே வேண்டாம், பெட்டிக்குள் பழுது இல்லை. முதல் பதிலில் சொன்ன பட்டியல் சர்வரை நடத்துபவர்கள் கடையைச் சாத்தியிருப்பார்கள். பல கம்பெனிப் பெட்டிகள் நம்பியிருந்த ரெசிவா சேவை 2021இல் மூடப்பட்டது. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கான இணையச் சேவை 2024இல் நின்றது. ஃப்ரான்டியர் சிலிக்கான் சில்லு உள்ள பெட்டிகளுக்கு 2019இல் பட்டியல் தருபவர் மாறினார். பெட்டிகள் பிழைத்தன, ஆனால் ‘பிடித்தவை’யைப் பலர் மறுபடி பதிய வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம் சான்றிதழ். இப்போது பல நிலையங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான வழியில் மட்டுமே ஒலிபரப்புகின்றன. அதற்குப் பெட்டிக்குள் இருக்கும் வேர்ச் சான்றிதழ்கள் (எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்க உதவுபவை) செல்லுபடியாக வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ஒரே ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் எத்தனையோ அன்று தடுமாறின. எல்லா நிலையமும் போனால் பட்டியல் சர்வர், சில நிலையம் மட்டும் போனால் சான்றிதழ் அல்லது பெட்டிக்குப் பாடத் தெரியாத ஒலி வடிவம் என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஸ்குவீஸ்பாக்ஸ் என்றால் தப்பிக்க வழி இருக்கிறது: வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினியில் லிரியன் மியூசிக் சர்வர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பெட்டி மறுபடி உயிர்பெறும். மற்ற பெட்டிகளில், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் மீடியா சர்வரிலிருந்து பாடும் வசதி மெனுவில் உண்டா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பின்னால் இருக்கும் ஆக்ஸ் துளை மிச்சம். அந்த ஸ்பீக்கரின் தரம் இன்றும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் நானே அலாரம் ரேடியோ செய்கிறேன். குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் க்ரானில், 6 மணிக்கு ஒரு ஸ்ட்ரீமை (நிலையத்தின் இணைய ஒலிபரப்பை) பாடச் சொல்லியிருக்கிறேன். கையால் இயக்கினால் பாடுகிறது, க்ரானில் பாடுவதில்லை. அதைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் டெர்மினலில் இருக்கும்போது உங்கள் பெயரில் ஒரு அமர்வு ஓடுகிறது. ஒலியைக் கையாளும் மென்பொருளான பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ அந்த அமர்வைச் சேர்ந்தது. க்ரான் ஓடுவது அதற்கு வெளியே. அதன் கண்ணுக்கு ஒலிக் கருவியே தெரியாது. நிரல்கள் இருக்கும் பாதைகளும் அதற்குக் குறைவாகவே தெரியும், எனவே பிளேயரின் முழுப் பாதையை எழுதுங்கள். ஒலியை நேராக, அவற்றுக்கும் அடியில் இருக்கும் அல்சா என்ற ஒலி அடுக்குக்கு அனுப்பிவிடுவது எளிது. அப்படிச் செய்யும்போது ஒலிக் கார்டின் எண்ணைக் குறிப்பிடாதீர்கள். யுஎஸ்பி ஒலிக் கார்டு இன்று 1ஆக இருக்கும். ரீஸ்டார்ட் ஆன பிறகு எச்டிஎம்ஐ அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பாட்டு, திரையே இணைக்காத எச்டிஎம்ஐ துளைக்குள் போய்விடும். எந்தப் பிழையும் காட்டாது. எண்ணுக்குப் பதில் கார்டின் பெயரைக் கொடுங்கள்.

அடுத்தது நேரம். பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நீங்கள்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். கடிகாரம் இல்லாத பை, கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும்: உண்மையில் 5.50, அதற்கு 2.10. நெட் வந்தால்தான் திருந்தும். டிஎஸ்3231 சில்லு உள்ள ஒரு சின்னக் கடிகாரப் பலகையைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் தவறும். அந்தப் பலகைகள் சிலவற்றில் மின்னேற்றும் சுற்று இருக்கும். அதில் மறுபடி மின்னேற்றக்கூடிய எல்ஐஆர்2032 பேட்டரியைப் போட வேண்டும். சாதாரண சிஆர்2032ஐ மின்னேற்றக் கூடாது; அதைத்தான் போடுவதென்றால் அந்தச் சுற்றைத் துண்டித்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது நிரலின் போக்கு. பலர் எழுதுவது: 6 மணிக்கு ஸ்ட்ரீமைத் திற, கிடைக்காவிட்டால் மெமரி கார்டில் உள்ள பாட்டுக் கோப்பைப் பாடு. இதைத் தலைகீழாக்குங்கள். 5.58க்கே ஸ்ட்ரீமை ஒலியில்லாமல் திறந்துவிடுங்கள். சரியாக 6 மணிக்குக் கார்டில் உள்ள கோப்பைப் பாடத் தொடங்குங்கள். ஸ்ட்ரீமில் ஓடிய விநாடிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, அதோடு உண்மையிலேயே ஒலி இருக்கிறது என்று உறுதியான பிறகு மட்டும் ஸ்ட்ரீமின் ஒலியை ஏற்றி, கோப்பின் ஒலியை இறக்குங்கள். முதலில் கைக்காசு, பிறகுதான் கடன். எழுதிய நிரலில் என்ன பிழை இருந்தாலும் மிஞ்சுவது சத்தம்தான், நிசப்தம் அல்ல.

ஒலி இருக்கிறதா என்று பார்க்க, ஒலி–ஒளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் சைலன்ஸ்டிடெக்ட் என்ற வடிகட்டி உண்டு. கழித்தல் 50 டெசிபலுக்குக் கீழே 5 விநாடி தொடர்ந்தால் நிசப்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மென்மையான செவ்வியல் இசை நிலையம் என்றால் 10 விநாடி கொடுங்கள்.

ஸ்ட்ரீம் முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரவுசரில் பாடிக்கொண்டிருக்கும்போது பிடித்த நீளமான முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் எழுத்துக் குவியல் பல நேரம் தற்காலிக அனுமதிச் சீட்டு. இன்று பாடும், நாளைக் காலை பாடாது. நிலையமே வெளியிட்டிருக்கும் எம்3யு அல்லது பிஎல்எஸ் கோப்பின் (ஸ்ட்ரீம் முகவரியை உள்ளே வைத்திருக்கும் சின்னப் பட்டியல்) முகவரியைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் முகவரி மாறினாலும் உங்களுக்கு மாறாது.

பையோடு மின்சார ஸ்பீக்கர் இணைத்திருந்தால் அது தானாக அணைகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் சத்தம் இல்லாவிட்டால் தூங்கிவிடும் ஸ்பீக்கர்கள் உண்டு. புளூடூத் என்றால் கேட்கவே வேண்டாம். பை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கர் குறட்டை விடும்.

கேள்வி: இதற்கெல்லாம் பெட்டி எதற்கு? போனில் ரேடியோ ஆப் அலாரம் போதாதா?

பதில்: போதும், ஆனால் அதையும் பழக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களின் இணையப் பயன்பாட்டைச் சிஸ்டம் கட்டுப்படுத்துகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள். அலாரம் அனுமதி கேட்டால் கொடுங்கள். ஆப் எந்த ஒலி அளவைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள், மீடியாவா அலாரமா என்று. மீடியா என்றால் இரவில் வீடியோ பார்த்துவிட்டுக் குறைத்த ஒலியில்தான் காலையில் பாடும். போனோடு வரும் கடிகார ஆப்பில் ஐந்து நிமிடம் தள்ளி இன்னொரு அலாரம் இருக்கட்டும். அதற்கு நெட் தேவையில்லை. 128 கிலோபிட் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி டேட்டா எடுக்கும், அணைக்க மறந்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: இரவில் ஒலியை 3இல் வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன். காலையில் அலாரமும் 3இல்தான் வருமா?

பதில்: நல்ல பெட்டிகளில் அலாரத்துக்குத் தனி ஒலி அளவு உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று அலாரம் வைக்கும் மெனுவிலேயே தெரியும். எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள். அலாரத்துக்கு வைத்த அதே நிலையத்தைப் பாடவிட்டு, கதவைச் சாத்தி, தலையணையில் ஒரு காதைப் பதித்துப் படுத்துக் கேட்டு வையுங்கள். ஒரே எண்ணில் ஒரு நிலையம் காதைப் பிளக்கும், இன்னொன்று முணுமுணுக்கும்.

கேள்வி: ரேடியோவில் மணி சொல்லும் ‘பிப்’ ஒலி, பெட்டியின் கடிகாரத்தைவிட 40 விநாடி தாமதமாக வருகிறது. எதை நம்புவது?

பதில்: கடிகாரத்தை. நிலையத்தில் ஒலியைச் சுருக்கி, துண்டுகளாக்கி, சர்வர்கள் வழியே அனுப்பி, உங்கள் பெட்டி சேர்த்து வைத்துக்கொண்டு பாடுவதற்குள் அவ்வளவு நேரம் ஓடிவிடுகிறது. நிலையத்துக்கு நிலையம் அந்தத் தாமதம் மாறும். ஒரே நிலையத்தை அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பெட்டிகளில் போட்டால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பாடுவதும் இதனால்தான்.